ஊர் அருவிய டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கப் போறீங்களா? டிக்கெட் கவுண்டர் கட்றதுக்கு முன்னாடி இத படிங்க

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல எந்த ஊருக்குப் போனாலும் ஒரு அருவி இருக்கும், அது ஏற்கனவே ரீல்ஸ்ல வந்திருக்கும், ஊர்க்காரங்களும் "இதையும் குற்றாலம் மாதிரி ஆக்கிட்டா நாலு கடை வரும், பசங்களுக்கு வேலை கிடைக்கும்"னு கிராமசபையில தீர்மானம் போட்டு மனு குடுத்துட்டு அலையுவாங்க. தப்பே இல்ல, வரட்டும். ஆனா அந்த மனுவ வாங்கிப் பாத்தீங்கன்னா தார் ரோடு, பார்க்கிங், உடை மாத்துற ரூம், ஹைமாஸ்ட் லைட், செல்ஃபி பாயிண்ட், கைப்பிடிக் கம்பினு வரிசையா இருக்கும், மேல மழை பெஞ்சா கீழ குளிக்கிறவனுக்கு யாரு வந்து சொல்லுவாங்கங்கறது மட்டும் எங்கயுமே இருக்காது.

2024 மே 17 பழைய குற்றாலம் அருவியில நடந்தது ஞாபகம் இருக்கா? வெள்ளிக்கிழமை, சீசன்னு சொல்ற ஜூன் மாசமே இன்னும் வரல, கோடை மழை நேரம். மழை கொட்டுனது மேல நீர்ப்பிடிப்புல, ஆளுங்க குளிச்சிட்டு இருந்தது கீழ. படிக்கட்டுல ஜனங்க விழுந்தடிச்சு ஓடுறதும் பின்னாடியே செம்மண் கலர்ல தண்ணி பாயுறதும் வீடியோவா எல்லார் போனுக்கும் வந்துச்சு. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டுப் போயி இறந்துட்டான். அங்க ரோடு இருந்துச்சு, படி இருந்துச்சு, கம்பி இருந்துச்சு, வருஷக்கணக்கா லட்சக்கணக்கான ஜனங்க வந்துபோற இடம் வேற. இல்லாதது மேல இருந்து கீழ வர்ற தகவல் ஒண்ணுதான். அதனால நீங்க லிஸ்ட் போடும்போது முதல் ஐட்டம் அதுவா இருக்கட்டும், மத்தது எல்லாம் அதுக்குக் கீழ.

சரி, வேலைய எங்க ஆரம்பிக்கிறது.

இடம் யாருது

இத சீக்கிரமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா இது ஆபீஸ் அலைச்சல். பெரும்பாலான அருவி காப்புக்காட்டுக்குள்ள இருக்கும். அப்படின்னா பஞ்சாயத்து தீர்மானத்த வெச்சு ஒரு மூட்டை சிமெண்ட் கூட இறக்க முடியாது, 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சரணாலயமா புலிகள் காப்பகமா இருந்தா 1972 வன உயிரின சட்டமும் சேந்துக்கும். மணிமுத்தாறு அருவியும் பாபநாசம் அகஸ்தியர் அருவியும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வர்றதாலதான் அங்க கேட்டு வனத்துறை கையில இருக்கு. முதல்ல கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சர்வே நம்பர் வாங்குங்க, மாவட்ட வன அலுவலரப் போய்ப் பாருங்க, ஓடை நீர்வளத்துறை கணக்குல இருக்கானு கேளுங்க, மலை கிராமம்னா ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வேணுமானும் சேத்துக் கேட்டுடுங்க. என் அபிப்பிராயம் கேட்டா, வனத்துறை கூட சேந்து ஊர்க்காரங்க குழு நடத்துறதுதான் நல்ல வழி. பில்லூர் டேம் பக்கம் பரளிக்காட்டுல பழங்குடி மக்களே பரிசல் ஓட்டி, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, சாப்பாடும் போட்டு நடத்துறாங்க, அந்தப் பக்கம் கேரளாவுல அதிரப்பள்ளி அருவியில வன சம்ரக்ஷண சமிதினு ஊர் ஆளுங்கதான் நிக்கிறாங்க. டெண்டர் எடுத்த கான்ட்ராக்டருக்கு வசூல் கணக்கு தெரியும், ஓடையோட குணம் தெரியாது.

மேல நடந்து பாருங்க

அருவிக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்து பிளான் போடாதீங்க. விழுற இடத்துல இருந்து மேல, தண்ணி எங்கெங்க இருந்து வந்து சேருதுனு வனத்துறை ஆளோட அனுமதியோட நடந்து போய்ப் பாருங்க. கூட ரெண்டு வகை ஆளுங்க கண்டிப்பா வேணும், ஒண்ணு மாடு மேய்க்கிறவங்க இல்ல தேன் எடுக்கிறவங்க, இன்னொண்ணு ஊர்ல வயசானவங்க. இஞ்சினியர் அடுத்த நடைக்கு வந்தா போதும்.

பாக்க வேண்டியது என்னன்னா, எத்தன ஓடை வந்து சேருது, எந்த ஓடை முதல்ல பொங்கும், நடுவுல தடுப்பணையோ டேமோ பவர்ஹவுஸோ இருக்கா. டேம் இருந்தா கதையே வேற. வானம் பளிச்சுனு இருக்கும்போதே ஷட்டர் தூக்குனா தண்ணி வந்துடும். திற்பரப்பு அருவியில குளிக்கத் தடைனு நியூஸ் வந்தா பாதி நேரம் பேச்சிப்பாறை டேம்ல தண்ணி திறந்திருப்பாங்க. ஒகேனக்கல்ல கர்நாடகாவுல திறக்குற தண்ணிய எல்லையில இருக்கிற பிலிகுண்டுலுவுல அளந்து, இவ்வளவு கனஅடி வருதுனு தெரிஞ்ச உடனேதான் பரிசலயும் குளியலையும் நிறுத்துறாங்க, நதி பெருசு, தூரம் அதிகம், அதனால முன்கூட்டியே தெரிஞ்சுக்க நேரம் கிடைக்குது. ஒரு கனஅடினா செகண்டுக்கு 28 லிட்டர் சொச்சம், அப்ப பத்தாயிரம் கனஅடிங்கறது செகண்டுக்கு ரெண்டே முக்கால் லட்சம் லிட்டருக்கு மேல, நினைச்சுப் பாத்துக்கோங்க. உங்க ஊர் ஓடை சின்னது, குத்துச்சரிவா இறங்குது, அது அந்த மாதிரி டைம் எல்லாம் தராது.

பெரியவங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்னா, ஆபத்தான இடத்துக்கு எல்லாம் ஊர்ல ஏற்கனவே பேர் இருக்கும். பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில போய்க் கேளுங்க, யானை கெஜம், உரல் கெஜம், பாம்பு கெஜம்னு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பேர் சொல்லுவாங்க, மேல இருந்து பாத்தா கண்ணாடி மாதிரி அமைதியா இருக்கும், உள்ள இறங்குனா ஆழம் தெரியாது. இந்தப் பேரு எல்லாத்தையும் எழுதி வாங்குங்க, எந்த வருஷம் எந்த இடத்துல ஆள் போச்சுனும் கேட்டு வாங்குங்க. உங்க எச்சரிக்கை போர்டு இந்த நோட்டுல இருந்துதான் வரணும். "ஆழமான பகுதி, கவனம்"னு எழுதுன போர்ட எவனும் படிக்க மாட்டான். "இந்தப் பாறையைத் தாண்டி இத்தனை பேர் இறந்திருக்காங்க"னு எண்ணிக்கையோட எழுதுங்க, நின்னு படிப்பான். கேரளாக்காரங்க வர்ற பக்கம்னா மலையாளத்துலயும் எழுதிடுங்க.

பழைய வெள்ளம் எது வரைக்கும் வந்துச்சுங்கறதுக்கு அடையாளம் அங்கயே கிடக்கும். மரத்துல சிக்கி நிக்கிற செத்தை, பாறையில பாசி முடியுற கோடு, வேர் வெளிய தெரியுற கரை. உங்க ஆள் உயரத்துக்கு மேல ஒரு கிளையில காஞ்ச நாணலும் துணியும் சுத்திக்கிட்டு இருந்தா அதுவரைக்கும் தண்ணி வந்திருக்குனு அர்த்தம், அதுக்குக் கீழ எந்தக் கட்டிடமும் வேண்டாம், டீக்கடை கூட.

காலி பண்ற நேரம்

இதுதான் மொத்தத்துலயும் முக்கியமான கணக்கு, ஆனா இத யாரும் போடறதே இல்ல.

செங்குத்தான ஓடையில வெள்ளம் செகண்டுக்கு சுமாரா 3 மீட்டர் வேகத்துல இறங்குதுனு வெச்சுக்கோங்க, கூடவும் இருக்கலாம். அருவிக்கு 500 மீட்டர் மேல ஒரு ஆள நிறுத்துறீங்க, அவர் தண்ணி ஏறுறதப் பாத்த செகண்டே விசில் அடிச்சாக்கூட கீழ இருக்கிறவங்களுக்கு 3 நிமிஷம் கூட முழுசா இல்ல. அதே ஆள் 2 கிலோமீட்டர் மேல நின்னா 11 நிமிஷம் கிடைக்கும். இப்ப கீழ பாருங்க, 300 பேர் குளிக்கிறாங்க, வெளிய வர்ற படி ஒண்ணே ஒண்ணு, செகண்டுக்கு ஒருத்தர் ஏறுனாலே 5 நிமிஷம். அது நல்லபடியா லைன்ல போனா. நெஜத்துல என்ன நடக்கும், அருவிச் சத்தத்துல பாதிப் பேருக்கு விசிலே கேக்காது, ஒருத்தர் கண்ணாடியத் தேடுவார், ஒரு அம்மா பிள்ளையக் காணோம்னு திரும்பி உள்ள வருவாங்க, செருப்பு எடுக்கப் போறவங்க வேற, பத்து நிமிஷம் ஆயிடும்.

அப்ப 500 மீட்டர்ல ஆள் நிறுத்துறது வெறும் கணக்குக் காட்டுறதுக்குத்தான். ஒண்ணு பார்வை இடத்த மேல தள்ளணும், இல்ல ஒரே நேரத்துல உள்ள விடுற ஆள நூறாக் குறைக்கணும், இல்ல ரெண்டாவது படி வெட்டணும். இந்த மூணுல குறைஞ்சது ரெண்டையாவது பண்ணுங்க. சீசன் இல்லாத ஒரு நாள் ஊர்ப் பசங்க, பெரியவங்க, குழந்தைங்க எல்லாரையும் உள்ள நிக்க வெச்சு விசில் அடிச்சு ஸ்டாப் வாட்ச்ல நேரம் பாருங்க, பேப்பர்ல போட்ட கணக்குக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அப்ப தெரியும்.

மேல நிக்கிறவருக்கு மொபைல் சிக்னல நம்பி வேலை குடுக்காதீங்க, மலைக்குள்ள ரெண்டு கோடு வரும் போகும். வாக்கிடாக்கி வேணும், வனத்துறைகிட்ட ஏற்கனவே இருக்கும், அவங்க அலைவரிசையிலயே சேந்துக்கலாமானு கேளுங்க. தண்ணி மட்டம் பாக்குற சென்சார், தானா அடிக்கிற சைரன் எல்லாம் வைக்கலாம், நல்லதுதான், ஆனா அடர்ந்த மரத்துக்குக் கீழ சோலார் பேனல் சார்ஜ் ஏறாது, சென்சார் மேல இலை அடைச்சுக்கும், குரங்கு வயர இழுத்துடும். சென்சார் ஆளுக்குத் துணைக்கு, ஆளுக்குப் பதிலா இல்ல. பாறையில பச்சை மஞ்சள் சிவப்புனு பெயிண்ட்ல மூணு கோடு போட்டு வைங்க, கரண்ட் இல்லாமயே வேலை செய்யும்.

அந்த ஆளுக்கு என்னென்ன பாக்கணும்னு சொல்லிக் குடுங்க. தெளிஞ்ச தண்ணி லேசாக் கலங்குறது, சருகும் சுள்ளியும் திடீர்னு கூட்டமா மிதந்து வர்றது, ஓடைச் சத்தம் கனமா மாறுறது, இதுல ஒண்ணு வந்தாலும் தகவல் போயிடணும், மட்டம் ஏறட்டும்னு காத்திருக்கக் கூடாது. மலை உச்சிய மேகம் மூடிட்டாலும் அப்படித்தான். கோடையிலயும் ஐப்பசியிலயும் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் பிடிக்கும், அதனால அந்த மாசங்கள்ல காலையில மட்டும் திறந்துட்டு மதியம் மூடிடுங்க, பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சிரும். வானிலை மையம் 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர தாண்டுனா கனமழைங்கறாங்க, 115.6ல இருந்து மிக கனமழை, 204.4க்கு மேல அதி கனமழை. உங்க மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட் வந்த நாள்ல கேட்டத் திறக்கவே திறக்காதீங்க, கீழ வெயில் அடிச்சாலும் சரி.

ஆர்ச் மாதிரி ஒண்ணு வேணும்

குற்றாலம் மெயின் அருவியில பாத்திருப்பீங்க, விழுற இடத்துக்கு முன்னாடி ஒரு ஆர்ச். தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா குளியல் தடைனு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த அருவியில ரொம்பப் பிடிச்ச ஏற்பாடே அதுதான், தென்காசிப் பக்கம் பஸ்ல பேசிக்கிறவங்க கூட "ஆர்ச்சத் தாண்டிருச்சாம், போவாதீங்க"ன்னுதான் சொல்லிக்கிறாங்க. போலீஸ்காரர் சொல்லி நம்புறது வேற, நம்ம கண்ணாலயே பாக்குறது வேற. உங்க அருவிக்கும் இப்படி ஒரு அடையாளம் வைங்க, ஒரு பாறை, ஒரு மரத்தோட கிளை, பெயிண்ட் கோடு, எதுவா இருந்தாலும் டிக்கெட் வாங்குற இடத்துல இருந்தே தெரியணும். ஆர்ச் அந்த நிமிஷத்துத் தண்ணியத்தான் காட்டும், அடுத்து வரப்போறதக் காட்டாது, அதுக்குத்தான் மேல ஆள்.

மூடுற அதிகாரம் ஒருத்தர்கிட்ட இருக்கணும், அவர் அந்த இடத்துலயே நிக்கணும். மேலதிகாரிக்கு போன் போட்டு, அவர் மீட்டிங்ல இருந்து, அப்புறம் திருப்பிக் கூப்பிட்டு, இதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். காரணமே இல்லாம மூடிட்டாருனு பின்னாடி தெரிஞ்சாலும் அவரத் திட்டக்கூடாதுனு குழு கூட்டத்துலயே முடிவு பண்ணி மினிட்ஸ்ல எழுதிடுங்க. இல்லைன்னா "சார் சென்னையில இருந்து நைட்டெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம், ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துடறோம்"னு வேன் நிறைய ஆளுங்க சுத்தி நின்னு கெஞ்சும்போது மனுஷன் இளகிடுவாரு. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. அதுக்குத்தான் குளிக்கிற இடம் தனி, பாக்குற இடம் தனினு முதல்லயே பிரிக்கணும், குளியல மூடுனாலும் கொஞ்சம் தள்ளி மேட்டுல இருந்து பாக்குற மாதிரி ஒரு மேடை இருந்தா வந்தவங்க போட்டோ எடுத்துட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்க. எல்லாத்தையும் மொத்தமா மூடுனீங்கன்னா பக்கவாட்டுல காட்டுக்குள்ள வழி கண்டுபிடிச்சு மேல ஏறிடுவாங்க, அது இன்னும் மோசம்.

திரும்பத் திறக்கிறதுக்கும் விதி வேணும். தண்ணி இறங்குன உடனே திறக்கக் கூடாது, வெள்ளம் கொண்டுவந்த கல்லும் கட்டையும் உச்சியில சிக்கி நிக்கும், அப்புறமா விழும். மேல ஏறிப் பாத்து, தட்டி விட வேண்டியத தட்டி விட்டுட்டு, தண்ணி தெளிஞ்ச பிறகு திறங்க.

கட்டுறது

இங்க வந்ததும் எல்லாருக்கும் உற்சாகம் வரும், காசு இங்கதான் இருக்கு. ஆனா கம்மியாக் கட்டுங்க.

டைல்ஸ் வேண்டாம், பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் தண்ணி பட்டா பாசி பிடிச்சு கண்ணாடி ஆயிடும். உளியால கொத்துன சொரசொரப்பான கல்லு போடுங்க, வாரம் ஒருதடவ கம்பி பிரஷ்ஷும் சுண்ணாம்புமா தேய்க்க ஆள் சம்பளத்தையும் பட்ஜெட்ல சேருங்க, கட்டுறதுக்குக் காசு கிடைக்கும், தேய்க்கிறதுக்குத்தான் கிடைக்காது. கைப்பிடிக் கம்பி தண்ணி போற திசைக்குக் குறுக்க போட்டா அடுத்த வெள்ளத்துல செத்தை எல்லாம் அதுல மாட்டி அணை மாதிரி நிக்கும், அப்புறம் கம்பியோட சேத்து பிடுங்கிட்டுப் போகும். ஓட்டத்துக்கு இணையா, பாறையில துளை போட்டு ஊனி, நடுவுல இடைவெளி விட்டுப் போடுங்க.

குளிக்கிற இடமும் தடாகமும் ஒண்ணா இருக்கக் கூடாது. தண்ணி பாறைத் தரையில விழுந்து வழிஞ்சு ஓடுற இடத்துல நின்னு குளிக்கலாம், மெயின் அருவியில அப்படித்தான் நிக்கிறோம். நேரா ஆழமான பள்ளத்துல விழுற அருவின்னா அதுக்குள்ள யாரையும் இறக்காதீங்க, நீச்சல் தெரிஞ்சவனையும் சேத்துத்தான் சொல்றேன். விழுற தண்ணி காத்த உள்ள இழுத்து நுரையாக்கும், நுரைத்தண்ணியில உடம்பு சரியா மிதக்காது, மேல்மட்டத் தண்ணி அருவிய நோக்கியே திரும்பிச் சுத்தும், கரைய பாத்து நீந்துறவன் அங்கேயே நிப்பான். அடியில பாறை குடைஞ்சு பொந்து இருந்தா உடம்பு கூட லேசுல கிடைக்காது. அந்த மாதிரி அருவிக்கு கொஞ்சம் கீழ ஓடை அகலமா, முழங்கால் ஆழத்துல ஓடுற இடம் இருக்கும், அதக் கொஞ்சம் சரி பண்ணி குழந்தைங்களோட உக்காந்து குளிக்க விடுங்க. அங்கயும் நடு ஓடைப் பாறையில யாரும் போய் நிக்க விடாதீங்க. 2024 ஜூன் 30 மகாராஷ்டிராவுல லோனாவாலா புஷி டேம் பக்கத்துல அதுதான் நடந்துச்சு, ஒரு குடும்பம் நடுப்பாறையில நிக்க சுத்தி தண்ணி ஏறிருச்சு, ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சு நின்னும் அஞ்சு பேர் போயிட்டாங்க. முழங்கால் அளவு தண்ணி வேகமா ஓடுனா பெரிய ஆளே நிக்க முடியாது.

காப்பாத்துறது

லைஃப் கார்டு வேலைக்கு ஊர்ல அந்த ஓடையிலயே வளந்த பசங்களப் போடுங்க, தீயணைப்புத் துறைகிட்ட சொல்லி பயிற்சி வாங்கிக் குடுங்க. அவங்களுக்கு முதல் பாடம், உடனே குதிக்கக் கூடாதுங்கறது. மிதக்கிற கயிறு 20 மீட்டர், பைக்குள்ள சுருட்டி வெச்சது, நாலஞ்சு இடத்துல தொங்கணும், ஒரு லாரி டியூப்புலயும் கயிறு கட்டி வைங்க, எறியுறதுதான் முதல்ல. கயித்த கையில சுத்திக்கவே கூடாது, இழுத்துட்டுப் போயிடும். வெளிய எடுத்த ஆளுக்கு மூச்சு இல்லைன்னா வயித்த அமுக்கி தண்ணி எடுக்குறேன்னு நேரத்த வீணாக்காதீங்க, வாயில மூச்சு குடுத்து, நெஞ்ச 30 தடவ அமுக்கி, 2 மூச்சு, திரும்ப 30, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். 108, தீயணைப்பு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மூணும் போர்டுல பெருசா. சிக்னல் கிடைக்கிற இடம் எதுனு அம்புக்குறி போட்டு காட்டுங்க, இது ரொம்ப முக்கியம். ஆம்புலன்ஸ் திரும்புற இடத்துல வேன் பார்க்கிங் விடாதீங்க.

மிச்சம் சில்லறை. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் உள்ள விடக்கூடாது, குற்றாலத்துல ஹைகோர்ட் மதுரைக் கிளை வரைக்கும் போய்த்தான் தடை வந்துச்சு, ஓடைக்காக மட்டும் இல்ல, எண்ணெய் பட்ட பாறையில அடுத்தவன் வழுக்கி விழுவான். பாட்டில் சோதனை கேட்லயே, குடிச்சிட்டு வந்தவங்கள குளியலுக்கு விடாதீங்க, சண்டை வந்தாலும் பரவால்ல. டாய்லெட்ட ஓடைக்குத் தள்ளிக் கட்டுங்க, கீழ யாரோ அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க.

வசூல் காச என்ன பண்றதுனு முதல் மாசத்துலயே சண்டை வரும், அதனால மேல நிக்கிற ஆள் சம்பளம், பாசி தேய்க்கிற ஆள் சம்பளம், கயிறு டியூப் மாத்துறது, இந்த மூணையும் முதல்ல ஒதுக்கிட்டு மிச்சத்தப் பிரிங்கனு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. முதல் வருஷம் விளம்பரம் இல்லாம, தண்ணி கம்மியா இருக்கிற மாசத்துல, உள்ளூர் ஆளுங்கள மட்டும் விட்டு ஓட்டிப் பாருங்க. மேல நிக்கிறவர் தினமும் மூணு வேளை மட்டத்தையும் மழையையும் ஒரு நோட்டுல எழுதட்டும். ஒரு தென்மேற்குப் பருவமழையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் முடிஞ்சதும் அந்த நோட்ட எடுத்துட்டு மாவட்ட வன அலுவலர்கிட்ட உக்காந்து, எந்தக் கோட்டுல மூடணும், எந்த மாசம் திறக்கவே கூடாதுனு முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் ரோட்டுல அம்புக்குறி போர்டு வைக்கிற வேலையப் பாருங்க.